பச்சைக் கட்டியும் அதன் பெயரும்

கிளாஸ்கோ நகரத்து அறுவை வைத்தியர் ஆலன் பர்ன்ஸ் என்பார், தலை, கழுத்து ஆகியவற்றின் உடற்கூறு பற்றி 1811-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பச்சை நிறமுடைய ஒரு விசித்திரமான கட்டியை வர்ணித்திருக்கிறார். அதற்கு 34 ஆண்டுகள் கழித்து, 1845-இல்தான், எடின்பரோவில் பென்னட்டும் பெர்லினில் விர்கோவும் வெள்ளணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும் இரத்த நோயைத் தனித்தனியே விவரித்தனர். அஃதாவது, மரம் இன்னதென்று அறியுமுன்னரே அதன் கிளையொன்று மருத்துவர் கண்ணிற் பட்டுவிட்டது. கிளைக்குத் தனிப் பெயரும் வாய்த்தது. 1853-இல் கிங் என்பவர், பசுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று 'குளோரோமா' என்னும் பெயரை ஆக்கினார். இக்கட்டிக்கும் லுகீமியா என்னும் இரத்தப் புற்றுக்கும் உள்ள உறவை அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் டாக் 1893-இல் எடுத்துக்காட்டினார். உறவு தெரிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், பெயரால் விளைந்த பிரிவினை இன்னும் முற்றும் நீங்கவில்லை. அதன் பயனை அனுபவிப்பவர்கள் நோயாளிகளே.

பசுமைக்குக் காரணம் சுவையானது. 1941-இல் ஸ்வீடன் தேசத்து உயிர்இரசாயன அறிஞர் ஷெல் அக்னர் வெள்ளணுக்களினின்று ஒரு பச்சை நிற என்ஸைமைப் பிரித்தெடுத்தார். மைலோபெராக்ஸிடேஸ் என்று இன்று வழங்கும் அப்பொருளின் உதவியால், வெள்ளணுக்கள் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் குளோரைடையும் கொண்டு, சலவைத் தூளின் சரக்கை ஒத்த ஓர் அமிலத்தை ஆக்கிக் கிருமிகளைக் கொல்கின்றன. பழுத்த புண்ணின் சீழில் தென்படும் பசுமையும் இதனால் வருவதே. எலும்பு மஜ்ஜையில் பிறந்த முதிராத வெள்ளணுக்கள் மஜ்ஜைக்கு வெளியே ஓரிடத்தில் திரண்டு கட்டியாகும்பொழுது, அவற்றில் நிறைந்த இந்த என்ஸைமே கட்டிக்குப் பச்சை நிறம் ஊட்டுகிறது. ஆயினும் அந்நிறம் காற்றுப் பட்டால் மங்கிவிடும். எல்லாக் கட்டிகளும் பச்சையாக இருப்பதுமில்லை. நிறத்தை நம்பி வைத்த பெயர் இவ்வாறு பாதி வழியிலேயே கைவிட்டது.

அடுத்து வந்த பெயர்களும் குறையுடையனவே. 1966-இல் ராப்பபோர்ட் 'கிரானுலோசைட்டிக் சார்கோமா' என்றார். 2001-ஆம் ஆண்டு வெளியான உலக சுகாதார ஸ்தாபனத்தின் பாகுபாடு 'மைலாய்ட் சார்கோமா' என்றது. 2022-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அதுவே நிலைத்திருக்கிறது. சார்கோமா என்பது எலும்பு, தசை, கொழுப்பு முதலியவற்றில் தோன்றும் புற்றைக் குறிப்பது. அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மருத்துவர் மனம் கத்தியையும் கதிர்வீச்சையும் நாடுவது இயல்பு. இந்நோய்க்கோ அவ்விரண்டும் முதல் வைத்தியம் அல்ல. அறிஞர் சபைகள் கூடி ஆராய்ந்து வைத்த பெயர் இப்படிப் பிழைபட்ட திசையைக் காட்டுவது வியப்புக்குரியதே.

மைலாய்ட் வகைத் தீவிர இரத்தப் புற்று உடையவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 9 பேருக்கு இத்தகைய கட்டி காணப்படுவதாகப் பெரும்பாலான நூல்கள் கூறுகின்றன. தோல், ஈறு, நிணநீர்க் கணு, குடல், எலும்பின் உறை, முதுகுத்தண்டைச் சூழ்ந்த இடம் என எங்கும் இது தோன்றலாம். குழந்தைகளுக்குக் கண் குழியில் தோன்றுவது குறிப்பிடத்தக்கது. உகாண்டாவின் குழந்தைகளிடம் கண்ட பச்சைக் கட்டிகளைப் பற்றி டேவிஸ், ஓவோர் என்னும் இருவர் 1965-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். துருக்கியிலிருந்தும் நம் தேசத்திலிருந்தும் அத்தகைய செய்திகள் தொடர்ந்து வெளிவந்துள்ளன. ஆகவே, மேல்நாட்டுப் புத்தகத்தில் ஒரு பத்தியாக அமைந்துள்ள இவ்விஷயம் இந்தியக் கண் மருத்துவமனைகளுக்கு அத்துணைத் தொலைவானதன்று.

நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் கண், சில வாரங்களில் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் முதலில் அடிபட்டதோ, பூச்சி கடித்ததோ என்று எண்ணுகின்றனர். பின்னர் ஊர் ஊராக அலைகின்றனர். பரிசோதிக்கும் மருத்துவர் விழித்திரைப் புற்று, தசைப் புற்று, நிணநீர்ப் புற்று ஆகியவற்றை வரிசையாக எண்ணிப் பார்ப்பார். ஸ்கானுக்கு எழுதுவார், அதற்கு நாள் குறிக்கப்படும். இவ்வளவுக்கும் முன்னால் செய்யத்தக்க ஒரு காரியம் உண்டு. விரல் நுனியினின்று ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, லீஷ்மன் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதே அது. மலேரியாவைத் தேடுவதற்காக நாடெங்கும் பழகிய வித்தை இது. இதற்கு வேண்டிய கருவிகள் சிற்றூர் ஆஸ்பத்திரியிலும் உண்டு. முதிராத வெள்ளணுக்கள் தென்பட்டால், அவற்றுள் சிலவற்றில் ஆவர் கோல்கள் எனப்படும் சிவந்த ஊசிகளும் கிடந்தால், கண்ணைப் பற்றிய கேள்விக்கு இரத்தமே விடை கூறிவிடும். கட்டியை அறுக்க வேண்டிய அவசியமே பல வேளைகளில் ஏற்படாது.

சிக்கல் எங்கே எழுகிறதெனில், சிலருக்கு இரத்தமும் தெளிவாயிருக்கும், மஜ்ஜையும் தெளிவாயிருக்கும், கட்டி மட்டும் தனித்து நிற்கும். அப்பொழுது சதைத்துண்டை எடுத்து ஆராய்வதன்றி வேறு வழியில்லை. சாதாரணச் சாயத்தில் இவ்வணுக்கள் உருண்டையாய், ஒரே மாதிரியாய், நிணநீர்ப் புற்றின் அணுக்களைப் போலவே காட்சி அளிக்கின்றன. சில தொகுப்புகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதலில் வேறு நோயின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. மைலோபெராக்ஸிடேஸைக் காட்டும் சாயத்தைக் கேட்டு ஏற்றினால் ஐயம் பெரும்பாலும் தீரும். கேட்பதுதான் அரிதாயிருக்கிறது. எடுத்த துண்டு முழுவதையும் பார்மலினில் இட்டுவிடும் வழக்கமும் நன்றன்று. 8-ஆம் குரோமோசோமும் 21-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்ட இரத்தப் புற்றில் இக்கட்டிகள் மிகுதியாகக் காணப்படுகின்றன; அம்மாற்றத்தை நேரே காண உயிருள்ள அணுக்கள் தேவை. ஒரு சிறு பகுதியைப் புதிதாகவே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

தனித்து நிற்கும் கட்டியை வெட்டி எறிந்துவிட்டு நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது பெரும் பிழை. இரத்தப் புற்றுக்குரிய மருந்து பெறாத இத்தகையோருள் மிகப் பெரும்பாலோருக்கு ஓராண்டுக் காலத்திற்குள், அல்லது அதை ஒட்டி, மஜ்ஜையில் நோய் வெளிப்பட்டுவிடுகிறது. எனவே மஜ்ஜை தெளிவாயிருப்பினும், சைட்டராபின், டானோரூபிசின் முதலிய மருந்துகளை முறைப்படி அளிக்க வேண்டும் என்பதே இன்று மருத்துவ நூலோர் பெரிதும் ஒப்பும் கொள்கை. அம்மருந்துகளால் கண் குழிக் கட்டி அறுவையின்றியே கரைவதுண்டு. கண்ணைத் தோண்டி எடுத்த பின்பு அச்செய்தி தெரிவதால் பயன் யாது? மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களிடத்தும் எச்சரிக்கை வேண்டும். மஜ்ஜை சுத்தமாயிருக்கையிலேயே நோய் தோலிலோ வேறோர் உறுப்பிலோ கட்டியாகத் திரும்பி வருவதுண்டு. மஜ்ஜையை மட்டும் சோதித்து நிம்மதி அடைவோர் இதைத் தவறவிடுவர்.

இத்துணை அரிய நோய்க்காக ஒவ்வொரு கண் வீக்கத்திற்கும் இரத்தம் எடுக்க வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். அறுவைக்கு முன் எப்படியும் எல்லோருக்கும் இரத்தம் எடுக்கத்தான் செய்கிறார்கள். பெரும்பாலும் இயந்திரம் அச்சிட்டுத் தரும் எண்களைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். எண்ணிக்கை சாதாரணமாயிருக்கையிலும் முதிராத அணுக்கள் ஒளிந்திருக்கலாம். அவற்றை நிச்சயமாய் இனங்காண்பது பயின்ற கண்ணே. கூடுதலாகக் கோருவது ஒரு கண்ணாடித் தகடும் ஒருவரின் சில நிமிஷ நேரமுமே.

தமிழில் மருத்துவம் எழுதுவோரும் சற்று யோசிக்க வேண்டும். 'மைலாய்ட் சார்கோமா'வைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'மஜ்ஜைசார் தசைப்புற்று' என்று வைத்தால், மூலத்தின் பிழையைத் தமிழுக்கும் குடியேற்றியதாகும். 'இரத்தப் புற்றுக் கட்டி' என்பது அழகிய பெயரன்று. ஆனால் அதைக் கேட்கும் தாய்க்கும், துண்டுச் சீட்டில் அதைப் படிக்கும் வட்டார மருத்துவருக்கும், குழந்தையை எங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்பது உடனே விளங்கும். சதைத்துண்டை அனுப்பும் படிவத்திலும் இரண்டு வரிகள் சேர்க்கலாம்: கண்ணாடித் தகட்டில் இரத்தம் பார்க்கப்பட்டதா என்பது ஒன்று, உருண்டை அணுக்கள் காணப்படின் மைலோபெராக்ஸிடேஸ் சாயம் ஏற்றுக என்பது மற்றொன்று. படிவத்தின் அடியில் அதற்கு இடம் இருக்கிறது.