மீன் தொட்டிக்கு மணல்: எது, எவ்வளவு?

நீடாமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "பையன் பிறந்த நாளைக்கு மீன் தொட்டி வாங்கினோம். அடியில் நீலக் கல் போடுவதா, ஆற்று மணலா? எத்தனை கிலோ? ஒன்றுமே போடாமல் விட்டால்தான் என்ன? கழுவ சுலபமாயிருக்குமே!"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கழுவுகிற விஷயத்தில் அடிபட்டவள் நான்.

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு தொட்டி இருக்கிறது. பேரனுக்காக வந்தது. முதலில் விட்டது மூன்று தங்கமீன். எனக்கோ சுத்தம் என்றால் பைத்தியம். ஞாயிறு தவறாமல் மீன்களை வாளியில் விட்டு, கல்லையெல்லாம் வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, தொட்டியைத் தேய்த்து, குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றுவேன். பளபளவென்று இருக்கும். ஐந்தாவது வாரத்துக்குள் மூன்றும் ஒவ்வொன்றாக மிதந்தன. "பாட்டி, நான்தான் நிறைய தீனி போட்டுட்டேனா?" என்று குழந்தை கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது தெரியும். மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது ஓரளவு இருந்தால் மீன் தாங்கும். புதுத் தொட்டியில் இவை குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். வாரா வாரம் உறைமோரைக் கொட்டிவிட்டு, பால் ஏன் தோயவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான்! பேரனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். தப்பு பாட்டியுடையது என்று.

பில்டரில் நல்ல ஸ்பாஞ்சு இருந்தால் அதிலும் இந்த ஜீவன்கள் தங்கும். அப்போது வெறும் தொட்டியும் பாதகமில்லை. ஆனால் செடி நட முடியாது; பார்க்கவும் என்னவோ போலிருக்கும்.

சரி, எந்த மணல்? தங்கமீன் எப்போதும் தரையைக் கிளறி, கல்லை வாயில் போட்டுத் துப்பிக்கொண்டே இருக்கும். பட்டாணி அளவுக் கல் தொண்டையில் சிக்கிக்கொள்ளலாம். கொத்தமல்லி விதை அளவு, கூரில்லாத உருண்டைக் கல் நல்லது. அயிரை மாதிரி மணலுக்குள் புதையும் மீனென்றால் ரவை போன்ற ஆற்று மணல்தான் வேண்டும். பாமணியாறு பக்கத்தில்தானே என்று பையோடு கிளம்பிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் ஆற்றில் மணல் அள்ளக்கூடாது. மீன் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். வீடு கட்ட இப்போது வருகிற எம்-சாண்ட் வேண்டாம். அது உடைத்த பாறை. முனை கூராயிருக்கும், தூசியும் அதிகம்.

வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வரும்போது கிளிஞ்சல் பொறுக்கி வருகிறோமே, அதைத் தொட்டியில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அழகுதான். ஆனால் கிளிஞ்சல் சுண்ணாம்பு. மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். எந்தக் கல்லானாலும் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. நீலம், சிவப்பு என்று சாயமேற்றிய கல்லை ஓர் இரவு வெள்ளைக் கிண்ணத்தில் ஊறவைத்து, சாயம் விட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவுக்கு வருவோம். செடி இல்லையென்றால் 1 அங்குலம் போதும். கொட்டிக்கிழங்கு மாதிரி வேர் பிடிக்கும் செடி நட்டால் 2 அங்குலம், பின்பக்கம் 3 வரை சரிவாகப் போடலாம். அயிரைக்கும் 2 அங்குலம் வேண்டும். நிறைய போட்டால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். பொடி மணல் ஆழமாக இருந்தால் அடியில் காற்றுப் புகாமல் கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது மீனுக்கு ஆகாது.

கணக்கு சுலபம். நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். ஒரு லிட்டர் காய்ந்த மணல் சுமார் ஒன்றரை கிலோ. 60-க்கு 30 தொட்டியில் 5 சென்டிமீட்டர், அதாவது 2 அங்குலம் போட 9 லிட்டர், ஏறக்குறைய 14 கிலோ. தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்தால் 60 கிலோவைத் தாண்டும். டீப்பாய் மேல் வைத்துவிடாதீர்கள், குழந்தைகள் ஓடி விளையாடுகிற வீடு!

போடுமுன் அரிசி களைவது போலத் தண்ணீர் தெளியும்வரை களையுங்கள். பத்துத் தடவையும் ஆகும். சோப்புத்தூள் கூடவே கூடாது. தொட்டி நிரப்பும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றினால் கலங்காது. அதன்பிறகு மணலை வெளியே எடுக்கிற வேலையே இல்லை. வாரம் ஒருமுறை ரப்பர் குழாயால் மேலாக அழுக்கை உறிஞ்சி, கால்பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரானால் ஒருநாள் வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள். ஸ்பாஞ்சை, எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

இப்போது எங்கள் தொட்டியில் வாய்க்காலில் பிடித்த அயிரை நாலு இருக்கிறது. பகலில் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் காட்டும். வருகிறவர்கள், "என்ன மாமி, தொட்டி காலியா இருக்கு?" என்கிறார்கள். பேரன் ஓடிவந்து ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டுகிறான்.