ஸ்டுட்கார்ட்டுக்கு முன்னால் பழங்காநத்தம்

இந்த வாரம் முழுக்க எனக்கு எரிச்சல். காரணம், வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு கையேடு. எங்கள் தெருவில் எம்.பி.ஏ. படிக்கிற பெண் அதைக் கொண்டுவந்து நீட்டி, “இதுக்குப் போகலாமா மாமா? பாத்துச் சொல்லுங்க” என்றாள். மேலாண்மை மாணவர்களுக்கான குறுகிய கால வெளிநாட்டுப் படிப்பு. ஜெர்மனியில் பத்து நாள். சுற்றுச்சூழலைக் கெடுக்காத போக்குவரத்துத் தொழில்களைப் பற்றிப் படிக்கலாமாம். கார் ஆலை, பேட்டரிக் கூடம், ஸ்டுட்கார்ட்டில் மியூசியம், நடுவே சில வகுப்புகள், முடிவில் சான்றிதழ். கட்டணத்தைப் பார்த்தால் அவள் அப்பா கடன் வாங்காமல் முடியாது.

போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வயதில் அயலூர் பார்க்கக் கிடைத்தால் பார்க்கத்தான் வேண்டும். என் கோபம் வேறு. கையேட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டேன், எல்லாம் கார்தான். மின்சாரக் கார், தானாக ஓடும் கார், வாடகைக்குப் பகிரும் கார். பஸ்ஸைக் காணோம். அதே ஜெர்மனியில்தான் 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 9 யூரோ கொடுத்தால் நாடு முழுக்க உள்ளூர் பஸ்ஸிலும் டிராமிலும் வட்டார ரயிலிலும் போகலாம் என்று விட்டுப் பார்த்தார்கள். 2023 மே மாதம் அது 49 யூரோ சீட்டாக மறுபடி வந்தது, பிறகு விலையும் ஏறியது. பக்கத்து லக்சம்பர்க்கில் 2020 பிப்ரவரி 29 முதல், ரயிலின் முதல் வகுப்பு தவிர, யாருக்கும் கட்டணமே கிடையாது. மேலாண்மை படிக்கிறவர்கள் தோண்டிப் பார்க்கவேண்டியது இதைத்தான். சீட்டுப் பணம் வராவிட்டால் செலவை யார் ஏற்பது? கூட்டம் கூடினால் கூடுதல் வண்டி எங்கிருந்து வரும்?

இதைக் கேட்க விமானம் ஏறவேண்டியதுகூட இல்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பணத்தைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடுகட்டுகிறது. காலை எட்டு மணிக்குத் திருப்பரங்குன்றம் பதினாறு கால் மண்டபத்துப் பக்கம் நின்று பாருங்கள். பூக்கூடையோடு ஒருத்தர், ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையில் நாலு பேர், டிபன் பையும் மாத்திரைச் சீட்டுமாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஒரு பாட்டி. ஷேர் ஆட்டோ காலியாக வந்து நின்றாலும் ஏறமாட்டார்கள், பஸ்ஸுக்குத்தான் காத்திருப்பார்கள். மாதச் சம்பளத்தில் இது எவ்வளவு மிச்சம், அந்த மிச்சம் எங்கே போகிறது என்று அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டால் ஒரு நல்ல ஆய்வேடு எழுதலாம்.

ஆனால் பஸ் எப்போது வரும்? நிறுத்தங்களில் நேரப் பலகை இல்லாததைப் பற்றி நான் எழுதி எழுதி, பழைய வாசகர்களுக்கு அது மனப்பாடம். இன்னும் எழுதுவேன். நிழற்குடையின் நெற்றியில் பெயர்கள் எழுத இடம் இருக்கிறது, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று எழுத இடம் இல்லை. முகூர்த்த நாளில் கல்யாண வண்டிகள் சன்னதித் தெருவை அடைத்துவிட்டால் பஸ் எந்த வழியாகத் திரும்பும் என்று சொல்லவும் ஆள் இல்லை. மிச்சமாகும் காசில் பாதியைக் காத்திருப்பே தின்றுவிடுகிறது.

இதே மதுரையில்தான் பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். டி.வி.எஸ். பஸ்ஸைச் சொல்கிறேன். திருக்குறுங்குடிக்காரரான டி.வி. சுந்தரம் ஐயங்கார் வக்கீல் தொழில், ரயில்வே, பேங்க் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 1912இல் பஸ் விடத் தொடங்கியவர். மாட்டு லாடத்திலிருந்து கழன்று ரோட்டில் கிடக்கும் ஆணி டயரைக் குத்தும், வண்டி தாமதமாகும் என்பதற்காக, காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி ஆணி பொறுக்கினார்கள் என்று மதுரையில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வரும்வரை அந்த நேரக் கணக்கு இந்தப் பக்கத்து மக்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தப் பெண்ணிடம் நான் ஒரு மணி நேரம் பேசியது கரி பஸ்ஸைப் பற்றி. அவள் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலம். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதோடு அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. ஏற்கெனவே ரேஷனில் இருந்த பெட்ரோல் இன்னும் அருகியது. பஸ்கள் ஓட வழியில்லை. அப்போது சுந்தரம் ஐயங்கார் வடிவமைத்துத் தயாரித்ததுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். இந்த வகை பஸ்ஸின் பின்னால் இரும்பு உருளை ஒன்று நிற்கும். மேல் மூடியைத் திறந்து அடுப்புக்கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, குமுட்டி அடுப்பை ஊதுகிற மாதிரி கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றை ஏற்றுவார். போதிய காற்றில்லாமல் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அது எரியும் வாயு. சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, ஆறவிட்டு, குழாய் வழியாக எஞ்சினுக்கு அனுப்பவேண்டும். அதில் ஏறக்குறைய பாதி எரியாத நைட்ரஜன், ஆகவே இழுவை போதாது. மேடு வந்தால் எல்லாரும் இறங்கி நடப்பார்களாம். “கிளீனர் கம்பியால நெருப்பைக் குத்திவிட்டுட்டு, ஏறுங்க ஏறுங்கன்னு கூப்பிடுவான், ஏறி உக்காந்தா சட்டையெல்லாம் கரி” என்று என் பெரியப்பா சொல்வார். மணமில்லாத அந்த வாயு மூடிய ஷெட்டுக்குள் தேங்கினால் ஆளைக் கொன்றுவிடும். அந்த அபாயத்தோடுதான் அன்று வேலை பார்த்தார்கள். ஐரோப்பாவிலும் அப்போது கரியிலும் விறகிலும் லட்சக்கணக்கான வண்டிகள் ஓடின.

இதைப் பசுமை வாகனம் என்று கொண்டாட நான் வரவில்லை. கரி என்றால் மரம். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் உருளைகளைக் கழற்றிப் போட்டார்கள். உள்ளூரில் கிடைத்த எரிபொருளை ஏன் அவ்வளவு சீக்கிரம் விட்டார்கள் என்பதுதான் மேலாண்மை மாணவி கேட்கவேண்டிய கேள்வி. நெருப்புப் பிடிக்கிறவரை வண்டி சும்மா நிற்கும், சாம்பல் அள்ளவேண்டும், கிளீனருக்கு வேலை கூடும், வேகம் குறையும். நேரத்தில் பெயர் எடுத்த கம்பெனிக்கு இதில் எது பெரிய நஷ்டம்? 2025 ஜூன் கடைசியில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பினவே, அவற்றுக்கும் கேள்வி இதுதான். சார்ஜ் ஏறும் நேரத்தில் அந்த நடையை எந்த வண்டி ஓட்டும், பேட்டரி மாற்றும் செலவு யார் தலையில் விழும்? தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் ஒட்டி ஓட்டும் ரீட்ரெடிங் தொழிலிலும் சுந்தரம் ஐயங்கார் அந்தக் காலத்திலேயே இறங்கியிருந்தார். மறுசுழற்சி வணிகத்துக்கு இதைவிட நல்ல பாடம் இருந்தால் காட்டுங்கள்.

திருப்பரங்குன்றத்தில் கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1957இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இருக்கிறது. தியாகராஜர் மேலாண்மைப் பள்ளி பாம்பன் சுவாமி நகரில் இருக்கிறது. இங்கிருந்து டவுனுக்குப் போகிற வழியில்தான் பழங்காநத்தமும் டி.வி.எஸ். நகரும். எந்த ஊர்க் கல்லூரியானாலும், பிள்ளைகளை விமானம் ஏற்றுவதற்கு முன் ஒரு வாரம் பெரியார் பஸ் நிலையத்திலும், ஒரு பணிமனையிலும், ஒரு ரீட்ரெடிங் பட்டறையிலும் நிறுத்தட்டும். கணக்குக் கேட்கப் பழகியபின் ஜெர்மனிக்குப் போனால், அங்கே அந்த மாதச் சீட்டுக்குக் கணக்குக் கேட்கத் தெரியும். பதிலுக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளும் பத்து நாள் இங்கே வரட்டும்.

“போ. ஆனா கார் ஆலைக்குப் போற நாள்ல ஒன்ன விட்டுட்டு, அந்த ஊர் பஸ் டிப்போவைக் காட்டச் சொல்லி எழுது” என்றேன். எழுதியிருக்கிறாள், பதில் வரவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது கரி பஸ்ஸில் டிரைவராகவோ கிளீனராகவோ இருந்திருந்தால், அல்லது பழைய பெட்டியில் அந்த உருளை தெரிகிற ஒரு போட்டோ கிடந்தால், இந்தப் பத்திக்கு எழுதுங்கள். கரி எங்கிருந்து வந்தது, ஒரு நடைக்கு எத்தனை மூட்டை ஆனது என்று சொல்லத் தெரிந்தவர் இருந்தால் அந்தப் பெண்ணையே கூட்டிக்கொண்டு நேரில் வருகிறேன்.