கடலோரத்துக் கண்களுக்கு எந்த லென்ஸ்?

எங்கள் கோவளத்தில் கல்யாணம் என்றால் பெண்பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். போடட்டும், தப்பில்லை. ஆனால் என் நாத்தனார் மகள் மாத லென்ஸ் வாங்கி, சொல்யூஷன் தீர்ந்ததும் குழாய்த் தண்ணீரில் கழுவினாள். கண் ரத்தமாய்ச் சிவந்து, எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா கிருமி கருவிழியை அரித்துப் பார்வையையே பறித்துவிடக்கூடியது. கடலில் குளிக்கும்போதும் லென்ஸ் கூடாது.

மணல் பறக்கிற எங்கள் ஊருக்கு தினப்படி கண்ணாடிதான் சரி. விசேஷத்துக்கு மட்டும் போடுகிறவர்களுக்கு, ஒரே நாளில் தூக்கியெறிகிற லென்ஸ் மேல். கழுவுகிற வேலையே இல்லை. மாத லென்ஸ், ராத்திரி கழற்றி ஊறப்போட சோம்பல்படாதவர்களுக்கு. பவர் இல்லாத கலர் லென்ஸைக்கூட ஃபேன்சி ஸ்டோரில் வாங்காதீர்கள், தோழிகளே! டாக்டர் கண்ணை அளவெடுத்துத்தான் தர வேண்டும்.

- ஒரு வாசகி, கோவளம்.