கசிவை எண்ணாத ஏரி ஆய்வு

ராயலசெருவு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கிருஷ்ணதேவராயரின் பெயரே முதலில் வருகிறது. திருப்பதிக்கு அருகே, ராமச்சந்திராபுரம் மண்டலத்தில் உள்ள அவ்வேரியின் கரை 2021 நவம்பர் மழையில் கசியத் தொடங்கியபோது அப்பெயர் எவருக்கும் உதவவில்லை. கீழுள்ள ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டனர். கரையில் மண்மூட்டைகள் அடுக்கப்பட்டன. அதற்குச் சற்று முன்புதான் செய்யாற்றின் அன்னமய்யா அணையில் மண்கரை அடித்துச் செல்லப்பட்டுப் பலர் உயிரிழந்திருந்தனர். ஆகவே அந்த அச்சம் மிகையன்று.

ராயலசெருவின் கரை தப்பியது. ஏரி மரபைப் போற்றும் ஆய்வெழுத்தோ கட்டியவன் யார், கொடையளித்தவன் யார் என்பதைத் தாண்டிக் கரையின் நலத்தைக் கேட்க இன்னும் தயங்குகிறது. இத்தயக்கத்துக்கு மூலங்களின் மீது பழி போட முடியாது. பக்கத்துக் கடப்பைப் பகுதியில், புக்கரின் மகன் பாஸ்கர பவதூரன் வெட்டுவித்த 1369ஆம் ஆண்டுப் போருமாமில்லா கல்வெட்டு, நல்லேரிக்குரிய பன்னிரண்டு உறுப்புகளைச் சொல்வதோடு நிற்கவில்லை. ஆறு குற்றங்களையும் சொல்கிறது. அவற்றுள் முதலாவது கரையில் நீர் கசிதல். பன்னிரண்டையும் மேடைதோறும் ஒப்பிக்கும் நாவுகள் ஆறில் ஒன்றையேனும் களத்தில் அளந்து பார்த்ததுண்டா?

மண்கரை என்றால் கசியும். கசிவு என்பது மட்டும் நோயன்று. வெளிவரும் நீர் தெளிந்து, ஏரி மட்டத்துக்கேற்ப ஏறி இறங்குமாயின் கரை பெரும்பாலும் நலமே. அது கலங்கி மண்ணோடு வருமாயின் கரையின் உள்ளே குழாய்போல் வழி அறுபடுகிறது என்று பொருள். 1976இல் அமெரிக்காவின் டீட்டன் அணை அவ்வாறுதான் உடைந்தது. அத்தகைய வாயைக் களிமண்ணால் அடைப்பது பெருந்தவறு: அழுத்தம் உள்ளே தேங்க, நீர் வேறிடத்தைப் பிளந்துகொண்டு வரும். மணலும் அதன்மேல் சரளையும் இட்டு, நீரை விட்டு மண்ணை நிறுத்துவதே முறை. எம்மருந்து வேண்டும் என்பதை நோயறிந்த பின்னரே சொல்ல இயலும்.

வீட்டு நீச்சல்குளத்துக்கு இந்த நியாயம் எளிதாகக் கிடைத்துவிடுகிறது என்பதுதான் வேடிக்கை. குளத்து நீரையே ஒரு வாளியில் நிரப்பிப் படியில் வைத்து, உள்ளும் புறமும் மட்டத்தைக் குறித்து ஒருநாள் காத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் ஆவியாதல்; குளம் மிகுதியாக இறங்கினால் கசிவு. மோட்டார் ஓடும்போது இழப்பு கூடினால் குழாயை ஐயுறுகிறார்கள். ஒரு மட்டத்தோடு நின்றுவிட்டால் அம்மட்டத்தில் விரிசலைத் தேடுகிறார்கள். ஒரு குடும்பம் குளிக்கும் தொட்டிக்குரிய இச்சிறு பொறுமை, ஆயக்கட்டு முழுவதையும் காக்கும் கரைக்கு ஏன் மறுக்கப்படுகிறது?

இது பொறியாளர் வேலை, வரலாற்று மாணவனுக்கு இதில் என்ன என்று துறைக்கூட்டங்களில் மறுமொழி வரும். கரைக்காவல், மதகு, கலங்கல், தூர்வாரக் கொடை ஆகியவற்றையெல்லாம் கல்வெட்டுகளில் படித்தறிந்தவனே எந்த இடம் முன்பு உடைந்தது, எங்கே கல் மாற்றப்பட்டது என்று சொல்லக்கூடியவன். அவ்வறிவு பொறியாளரின் வரைபடத்தில் இல்லை. கரையடியில் சிறு அளவைத் தடுப்பு ஒன்றை அமைத்து, வாரந்தோறும் நீரின் அளவையும் கலங்கலையும் ஏரி மட்டத்தோடு சேர்த்து எழுதிவர ஆயக்கட்டு உழவர் ஒருவரும் ஒரு குறிப்பேடும் போதும். அக்குறிப்பேட்டை ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகவேனும் ஏற்க எந்தத் துறை முன்வரும்?