குட்டி நம்ம வீட்லயா போடப் போகுது?

மழைக்கால ராத்திரி. தெருமுனையில் நிற்கும் மினி லாரிக்கு அடியில் ஐந்து நாய்க்குட்டிகள். டியூஷன் முடித்து வரும் பையன் ஒருவன் அதில் ஒன்றைச் சட்டைக்குள் பொத்தி வைத்து வீட்டுக்குக் கொண்டு வருகிறான். அம்மா திட்டுகிறார். அப்பா முறைக்கிறார். "வெள்ளிக்கிழமை அதுவுமா இதைத் தூக்கிட்டு வந்திருக்கியே" என்று பாட்டி புலம்புகிறார். இரண்டே நாள்தான். மூன்றாம் நாள் காலையில் அதே அப்பா பால் பாக்கெட்டோடு சேர்த்துப் பொறையும் வாங்கி வருகிறார். குட்டிக்கு மணி என்று பெயர் வைக்கிறார்கள்.

எந்தத் தெருவிலும் நடக்கும் கதைதான். கேட்கவும் அழகாக இருக்கிறது. ஆனால் கதையில் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு வரி இருக்கிறது. தூக்குவதற்கு முன்னால் அந்தப் பையன் ஐந்து குட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். ஆண் குட்டிதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே எடுத்தான். இன்னொரு ஆண் குட்டியை எதிர்வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். மீதி மூன்றும் பெண். அவை லாரிக்கு அடியிலேயே கிடந்தன.

ஏன் ஆண்? "பொட்டைன்னா வருஷத்துக்கு ரெண்டு தடவை குட்டி போட்டுத் தொலைக்கும்." இதுதான் பதில்.

எட்டு மாதம் ஆகிறது. ஊசி போடப் போன இடத்தில் கால்நடை டாக்டர், "கருத்தடை ஆபரேஷன் பண்ணிடலாமே" என்கிறார். அப்பா சிரிக்கிறார்.

"ஆம்பளை நாய்க்கு எதுக்கு சார்? குட்டி நம்ம வீட்லயா போடப் போகுது?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விக்கு எதிராகத்தான்.

ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கு

பி.காம் முதல் வருடம் முதல் வகுப்பில் சொல்லித் தரும் பாடம்: ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் பேரேட்டை மூடினால் கணக்கு டேலி ஆகாது. மணி குட்டி போட மாட்டான், வாஸ்தவம். ஆனால் அவனால் பிறக்கும் குட்டிகள் ஏதோ ஒரு பேரேட்டில் ஏறித்தானே ஆக வேண்டும்?

நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள். இரவு கேட்டைத் திறந்து, "போய்ட்டு வா" என்று மணியை அனுப்பினால், இரண்டு மாதம் கழித்து நாலோ ஐந்தோ குட்டிகள் எங்கோ ஒரு சாக்கடை ஓரத்தில் பிறக்கும். பால் கொடுத்துக் கொடுத்து எலும்பும் தோலுமாகப் போகிற தாய் வேறு எங்கோ இருக்கும். வண்டியில் அடிபடுவதும், பார்வோ வந்து சாவதும், பிழைத்தது வளர்ந்து யாரையாவது கடிப்பதும் எல்லாம் வேறு எங்கோதான். பொருளாதாரத்தில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். லாபம் வீட்டுக்கு, நஷ்டம் ஊருக்கு. ஆற்றில் சாயக்கழிவைத் திறந்துவிடும் முதலாளியும், "தண்ணி நம்ம வீட்டுக்கா வரப் போகுது?" என்றுதான் நினைக்கிறார். அவரைத் திட்டுகிற வாய்தான் மணி விஷயத்தில் சிரிக்கிறது.

சென்னை மாநகராட்சி 2018-ல் எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 57 ஆயிரம். 2024-ல் எடுத்தபோது சுமார் 1.8 லட்சம். இரண்டாவது கணக்கெடுப்பில் கருத்தடை செய்யப்பட்டிருந்தவை கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான். பத்தில் ஏழுக்காவது செய்தால்தான் எண்ணிக்கை இறங்கும் என்கிறார்கள் இந்த வேலையில் இருப்பவர்கள். இத்தனைக்கும் இந்த யோசனை சென்னைக்குப் புதிதல்ல. 1959-ல் இங்கே தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யுங்கள் என்று 1960-களிலிருந்தே சொல்லி வந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1990-களின் நடுப்பகுதி ஆனது.

2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆகஸ்ட் 22-ல் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடாதீர்கள் என்றது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்று தனியாக இன்னோர் உத்தரவு வந்தது. அந்த மாதங்களில் டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சு. "எல்லாத்தையும் பிடிச்சுப் போடணும் சார்" என்று முழங்கியவர்களில் எத்தனை பேர் வீட்டு மணி அன்று ராத்திரி சங்கிலி இல்லாமல் ஊர் சுற்றினான் என்று யாரும் கேட்கவில்லை.

சட்டம் கேட்டிருக்கிறது. தெருநாய்க் கருத்தடைக்காக மத்திய அரசு 2001-ல் கொண்டுவந்த விதிகளிலேயே, வளர்ப்பு நாயின் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பொறுப்பு அதன் உரிமையாளர் என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பதிலாக 2023-ல் வந்த புதிய விதிகளும் அதையே சொல்கின்றன. "கார்ப்பரேஷன் என்ன பண்ணுது?" என்று கேட்கிறவர்கள் இந்த வரியை மட்டும் படிப்பதே இல்லை.

சொல்லப்படும் சாக்குகள்

முதல் சாக்கு: "இயற்கைக்கு விரோதம்." நல்லது. அப்படியானால் சங்கிலி எந்தக் காட்டில் காய்க்கிறது? பொறை எந்த மரத்தில் பழுக்கிறது? மணியின் வாழ்க்கையில் இயற்கை என்று மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். அதையும் இவர்கள் நடத்தும் விதம் இரண்டே வகை. ஒன்று, தெருவில் பெட்டை பருவத்துக்கு வந்த வாசனை மூக்கில் ஏற, சோறு தண்ணி இறங்காமல் ராத்திரி முழுக்க ஊளையிடுகிறவனைக் கட்டிப் போட்டு, "சும்மா இருடா" என்று அடிப்பது. இரண்டு, அவிழ்த்துவிடுவது. அவிழ்த்துவிட்டால் ஏழெட்டு ஆண் நாய்களோடு சண்டை. காது கிழிந்து, காயத்தில் புழு வைத்து, நாலு நாள் கழித்துத் திரும்பி வருவான். சில மணிகள் வருவதே இல்லை, மெயின் ரோட்டில் கிடப்பார்கள். தெருநாய்களிடம் இணைசேர்க்கை வழியாகவே தொற்றும் ஒரு புற்றுக்கட்டியும் இருக்கிறது. வந்தால் வாரா வாரம் வின்கிறிஸ்டின் ஊசி, அதுவும் பல வாரங்களுக்கு. இந்த இரண்டில் எது இயற்கை, எது கருணை என்று சொல்லிவிட்டால் தேவலை.

இரண்டாவது சாக்கு: "பாவம், ஒரு தடவையாவது கிராஸ் விட்டுட்டுச் செய்யலாம்." இணை சேராத நாய்க்கு உடம்பில் எந்தக் குறையும் வந்துவிடாது. ஏங்குவதற்கு அவனுக்குக் கல்யாண வயதும் தெரியாது, ஜாதகமும் கிடையாது. :-) அந்த "ஒரு தடவை"யில் பிறக்கும் குட்டிகளுக்கு யார் வீடு தேடுவது என்பதற்கும் பதில் கிடையாது.

மூன்றாவது: "குண்டாயிடும், வீட்டைக் காக்காது." ஆபரேஷனுக்குப் பிறகு பசி கொஞ்சம் கூடும், செலவாகும் சக்தி குறையும். சோற்றைக் குறைத்து நடையைக் கூட்டினால் முடிந்தது. குண்டாக்குவது கத்தி அல்ல, பாட்டி ஊட்டும் மூன்றாவது இட்லி. காவலும் போகாது. முன்பின் தெரியாத ஆள் கேட்டில் கை வைத்தால் குரைப்பதற்கு விதைப்பை தேவையில்லை.

நாலாவதுதான் உண்மையான காரணம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டாக்டர் "ஆபரேஷன்" என்றதும் அப்பாவின் கை தன்னையறியாமல் மடிக்கு வருகிறதே, அது. மணியின் "ஆண்மை" போய்விடுமாம். நாய்க்கு மீசையும் இல்லை, முறுக்குவதற்குக் கையும் இல்லை. போவது மணியின் கௌரவம் அல்ல, சங்கிலியைப் பிடித்திருப்பவரின் கௌரவம்.

இது நாயோடு முடிகிற விஷயமும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதுதான் சுலபமான, சின்ன ஆபரேஷன். நாய்க்கும் அப்படியே. பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், ஆணுக்கு வேண்டியதில்லை. கத்தி பெண்ணுக்கு, சிரிப்பு ஆணுக்கு. வீட்டில் பழகிய கணக்கைத்தான் வாசலில் கட்டியிருக்கிற மணிக்கும் போடுகிறார்கள்.

நியாயமான கேள்விகள்

எல்லா எதிர்ப்பும் சாக்கு அல்ல. "ஒரு மணிக்குச் செய்தால் தெருவில் இன்னும் பத்து ஆண் இருக்கே, குட்டி குறைஞ்சுடுமா?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. எண்ணிக்கையைக் குறைக்கப் பெட்டைகளுக்குச் செய்வதுதான் அதிகம் பலன் தரும். ஆனால் தெருவிலிருக்கும் பத்துக்கும் மாநகராட்சி வேன் வர வேண்டும். மணிக்கு வேன் வேண்டாம், பிடிக்க வலை வேண்டாம், கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வருவான். கைக்கு எட்டுகிற நாய்க்கே செய்யாதவர் எட்டாத நாய்க்கு ஊரைக் கேள்வி கேட்க முடியாது.

"வெளிநாட்டில் இப்போது அவசரப்படாதீர்கள் என்கிறார்களே?" இதுவும் உண்மை. கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களுக்கு ஒரு வயதுக்கு முன்பே செய்தால் மூட்டுப் பிரச்சினைகள் கூடுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே பெரிய இனம் என்றால் வளர்ச்சி முடியும்வரை பொறுப்பதில் தப்பில்லை. பயந்த சுபாவமுள்ள நாய்க்கு ஆபரேஷனால் தைரியம் வந்துவிடாது, சிலவற்றுக்குப் பயம் கூடவும் செய்யலாம். நார்வே போன்ற நாடுகளில் தகுந்த காரணமில்லாமல் செய்வதும் இல்லை. ஆனால் அங்கே ராத்திரி கேட்டைத் திறந்து, "போய்ட்டு வா" என்று நாயை அனுப்புவதும் இல்லை. அவர்களுடைய கட்டுப்பாட்டை விட்டுவிட்டு முடிவை மட்டும் இறக்குமதி செய்யக்கூடாது.

எப்போது செய்வது என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. செய்வதா வேண்டாமா என்பதுதான் அப்பா சிரித்துத் தள்ளிவிட்ட கேள்வி. மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற ஆபரேஷன், பத்துப் பதினாலு நாளில் காயம் ஆறிவிடும். நக்காமலிருக்கக் கழுத்தில் ஒரு கூம்பு. விதைப்புற்று வர வழியே இல்லாமல் போகும், வயதான காலத்தில் ஆண் நாய்களைப் படுத்தும் புரோஸ்டேட் வீக்கமும் தவிர்க்கப்படும். செலவுதான் தடை என்றால் சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

லாரிக்கு அடியில்

ஒரு வருடம் கழிகிறது. மூன்று பெண் குட்டிகளில் ஒன்று முதல் மாதத்திலேயே செத்துப் போனது. இன்னொன்றை ஆட்டோ ஏற்றிவிட்டது. பிழைத்த ஒன்று, அதே மினி லாரிக்கு அடியில், ஆறு குட்டி போட்டிருக்கிறது. அவற்றில் இரண்டுக்கு மணியைப் போலவே முன்கால் இரண்டும் வெள்ளை.

காலையில் பால் வாங்க வந்த அப்பாவைப் பார்த்துத் தாய் நாய் உறுமுகிறது. குட்டி போட்ட நாய் உறுமத்தான் செய்யும். அவர் பயந்துபோய்ப் பின்வாங்கி, எதிர்வீட்டுக்காரரிடம் சொல்கிறார்: "தெருவெல்லாம் நாயாப் போச்சு சார். எங்கேருந்துதான் வருதுங்களோ!"

கேட்டுக்குப் பின்னால் மணி வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறான்.

டிஸ்கி: ஆபரேஷன் முடிந்த மறுநாளே பலன் வந்துவிடாது. உடம்பில் மிச்சமிருக்கும் விந்தணுவால் சில வாரங்களுக்குக் கருத்தரிக்க வைக்க முடியும். அதுவரை கேட்டைப் பூட்டி வையுங்கள். அடுத்த தடவை குட்டி எடுக்கும்போது திருப்பிப் பார்க்காமல் எடுங்கள்.