பள்ளத்தாக்கில் வாழ்வோர் மலையை அறிய வேண்டும்

கோலாலம்பூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் மக்கள் ‘கிள்ளான் பள்ளத்தாக்கு’ என்ற பெயரை நாள்தோறும் கேட்கிறார்கள். போக்குவரத்து நெரிசல் பற்றிய செய்தியிலும் மழை எச்சரிக்கையிலும் நீர் விநியோகத் தடை அறிவிப்பிலும் அப்பெயர் இடம்பெறுகிறது. பள்ளத்தாக்கு என்று ஒன்று இருந்தால் அதன் அருகே மலையும் இருக்கத்தானே வேண்டும்? அந்த மலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வளரும் மாணவரும் கிள்ளான் நகரில் வளரும் மாணவரும் சற்றே தயங்குவர். மலை தொலைவில் இருப்பது இத்தயக்கத்திற்குக் காரணமன்று. அதை நின்று பார்க்கும் பழக்கம் குறைந்துவிட்டதே காரணம்.

கோலாலம்பூரின் வடகிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் சரிவுகள் தொடங்குகின்றன. அங்குதான் கிள்ளான் ஆறு பிறக்கிறது. சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாறு, தலைநகரின் நடுவே கோம்பாக் ஆற்றோடு கலக்கிறது. பிரிக்பீல்ட்ஸின் ஓரமாக ஓடுகிறது. பின்னர்க் கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணையைச் சேர்கிறது. ஆகவே, பிரிக்பீல்ட்ஸையும் கிள்ளானையும் இணைப்பவை ரயில் பாதையும் பெருஞ்சாலையும் மட்டுமல்ல. அவ்விரண்டுக்கும் நெடுங்காலம் முன்பே அவற்றை ஓர் ஆறு இணைத்துவிட்டது.

அந்த ஆறு மலையைவிட்டு வெளியேறும் இடத்தில் ஓர் அரிய காட்சி உண்டு. நகரத்தின் விளிம்பில், தாமான் மெலாவாத்தி குடியிருப்புப் பகுதிக்குப் பின்னால், வெண்மையான பாறை முகடு ஒன்று சுவர் போல எழுந்து நிற்கிறது. இதுவே கிள்ளான் கேட்ஸ் படிகக்கல் முகடு. ‘குவார்ட்ஸ்’ எனப்படும் படிகக்கல்லால் ஆன இம்முகடு 14 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு செல்கிறது. உலகிலுள்ள மிக நீளமான படிகக்கல் முகடுகளுள் இதுவும் ஒன்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கருங்கல் பாறையில் ஏற்பட்ட பிளவுகளுக்குள் கனிமம் கலந்த வெந்நீர் புகுந்து இறுகியது. சுற்றியிருந்த பாறை மழையாலும் வெயிலாலும் தேய்ந்தது. கடினமான படிகக்கல்லோ தேயாமல் நின்றது. அதன் குறுகிய விளிம்பில் மண் மிகக் குறைவு. இருந்தும், அந்த வறண்ட பாறையிடுக்கில் உலகில் வேறெங்கும் வளராத சில செடியினங்கள் வேரூன்றியுள்ளன.

இம்முகட்டை அடுத்துக் கிள்ளான் கேட்ஸ் அணை அமைந்துள்ளது. 1958ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணை, தலைநகருக்குக் குடிநீர் தருவதற்காக எழுப்பப்பட்டது. குழாயைத் திறந்தால் நீர் வருகிறது என்பதை அனைவரும் அறிவர். அந்நீர் எந்தக் காட்டில் மழையாகப் பெய்தது, எந்த ஓடையில் தெளிந்தது என்பதை அறிந்தோர் சிலரே. மலைக்காடு அழிந்தால் ஓடை கலங்கும். ஓடை கலங்கினால் அணை சேறாகும். அணை சேறானால் வீட்டுக் குழாய் வறண்டுபோகும். இந்தத் தொடர்பைப் பாடநூலில் படிப்பது ஒன்று. ஓடைக் கரையில் நின்று கண்ணால் காண்பது வேறொன்று. கண்ணால் கண்டவரே அதைக் காக்க முன்வருவர்.

மலைநீரும் நகரமும் கொண்டுள்ள இவ்வுறவு மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஈலன் என்ற ஒதுக்குப்புறமான மலைப் பள்ளத்தாக்கு உண்டு. பர்மிங்ஹாம் நகரின் குடிநீருக்காக அங்கு அணைகள் கட்டப்பட்டு, 1904ஆம் ஆண்டில் திறக்கப்பட்டன. ஏறக்குறைய 118 கிலோமீட்டர் தொலைவுக்கு அந்நீர் புவியீர்ப்பு விசையாலேயே பாய்ந்து செல்கிறது. இன்று அப்பள்ளத்தாக்கு நடைப்பயணிகளும் பறவை ஆர்வலர்களும் நாடிச் செல்லும் இடமாகத் திகழ்கிறது. செயற்கை ஒளி குறைந்த அதன் இரவு வானமும் பாதுகாக்கப்படுகிறது. நீரைக் காக்கும் நிலமே மனத்திற்கு ஓய்வு தரும் நிலமாகவும் இருக்க முடியும் என்பதற்கு ஈலன் ஒரு சான்று.

மலை தமிழருக்குப் புதியதன்று. பழந்தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தபோது மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனப்பட்டன. அந்நிலத்தின் தெய்வம் முருகன். தைப்பூசத்தன்று பல இலட்சம் பேர் பத்துமலையில் கூடுகிறார்கள். 272 படிகளை ஏறுகிறார்கள். ஆனால், படிக்கட்டின் பக்கவாட்டிலுள்ள இருட்குகையில் மிகத் தொன்மையான சிலந்தியினம் ஒன்று வாழ்கிறது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? பக்தர்கள் நீராடும் பத்து ஆறு கோம்பாக் ஆற்றோடும், கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடும் கலக்கிறது. மலையைக் கும்பிடும் சமுதாயம் மலையை அறிந்த சமுதாயமாகவும் விளங்குவதே பொருத்தம்.

இக்கருத்துக்கு மறுப்பும் உண்டு. மலையும் காடும் ஆபத்தானவை என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தைப் புறந்தள்ள முடியாது. படிகக்கல் முகட்டின் ஒரு பகுதியான புக்கிட் தாபூரில் மலையேறிகள் தவறி விழுந்து உயிரிழந்துள்ளனர். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங்காலியில் ஏற்பட்ட நிலச்சரிவு, கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்த 31 பேரின் உயிரைப் பறித்தது. அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். இத்துயரங்களுக்குப் பின்னர், “பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும்” என்று ஒரு தாய் சொன்னால் அதில் வியப்பில்லை.

எனினும், ஆபத்துக்குத் தீர்வு அறியாமையன்று. மலையை அறியாதவரே அதன் விளிம்பில் நின்று தற்படம் எடுக்கத் துணிவர். மழை பெய்த மறுநாள் சரிவு வழுக்கும், மேட்டில் பெய்யும் மழை பள்ளத்து ஓடையில் திடீரெனப் பெருகும் என்பனவற்றை இளமையிலேயே கற்றவர் அவ்வாறு துணியமாட்டார். வன ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் நுழைய அனுமதி பெற வேண்டும் என்ற விதிமுறையைச் சிலர் தடையாகக் கருதுகின்றனர். உண்மையில் அது பாதுகாப்பு வேலி. யார் சென்றார், எத்தனை பேர் சென்றார், எப்போது திரும்புவார் என்பது தெரிந்திருந்தால்தான் மீட்புப் படையினர் உரிய நேரத்தில் உதவ முடியும்.

மேலும், மலையனுபவம் என்றாலே உயரமான முகட்டில் ஏறுவது என்ற எண்ணமும் மாற வேண்டும். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் வனப் பூங்கா இதற்கு ஏற்ற தொடக்கம். ஈயச் சுரங்கத் தொழிலால் பாழடைந்து கிடந்த நிலத்தில், 1920களில் மரம் நடும் பணி தொடங்கியது. இன்று அங்கு கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், வானத்தில் ஒளிக்கோடுகளை வரைந்தாற்போல் விலகி நிற்பதைக் காணலாம். 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அப்பூங்காவை உலகப் பாரம்பரியத் தளமாக ஏற்றது. கெட்டுப்போன நிலத்தையும் மனிதர் பொறுமையோடு மீட்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லாது.

இம்முயற்சியில் பள்ளிகளுக்குப் பெரும் பங்குண்டு. சாரண இயக்கமும் இயற்கைக் கழகமும் ஆண்டுக்கு ஒரு முறையாவது மாணவர்களைப் பாதுகாப்பான வனப்பாதைக்கு அழைத்துச் செல்லலாம். புவியியலில் ஆற்றின் போக்கையும், அறிவியலில் பாறையின் தோற்றத்தையும், தமிழில் குறிஞ்சித் திணையையும் ஒரே பயணத்தில் கற்பிக்கலாம். எல்லாப் பெற்றோருக்கும் சொந்த வாகனமோ விடுமுறையோ இருப்பதில்லை. வசதியுள்ளோர் மட்டுமே காட்டைக் காணலாம் என்ற நிலை ஏற்பட்டால், காட்டைக் காக்கும் பொறுப்பும் சிலருடையதாகச் சுருங்கிவிடும். பள்ளி ஏற்பாடு செய்யும் ஒரு பேருந்து அக்குறையை நீக்கும்.

கிள்ளான் ஆற்றின் கடைமடையில் வாழும் மாணவர் ஒருவர், அதன் தலைமடையை ஒரு முறை காணட்டும். மலையில் தெளிந்து ஓடும் நீர் தம் ஊருக்கு வருகையில் ஏன் கலங்கிவிடுகிறது என்ற வினா அவருள் எழும். அவ்வினாவோடு வீடு திரும்பும் மாணவர், கையிலிருக்கும் நெகிழிப் பையை ஆற்றில் வீசமாட்டார்.