அத்தி மரத்தில் ஏறியவர்



இராசபாளையத்தை அடுத்த சோழபுரம் பகுதியில் நாம் பணியாற்றிய நாட்களில் நிகழ்ந்தது இது. 2017ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மறுநாள் காலை, தாய் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். கணவரை இழந்தவர். "சாமி, என் மகன் மோதிரத்தை அடகு வைத்துவிட்டு நடிகரைப் பார்க்கச் சென்னைக்குப் போகிறேன் என்கிறான். நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்லித் தடுக்க வேண்டும்" என்று அழுதார். மகனுக்கு இருபத்தைந்து வயது, நூற்பாலைத் தொழிலாளி.

"அந்த அம்மாவின் மகனை உடனே வரச்சொல்" என்று உபதேசியாரிடம் சொல்லி அனுப்பினோம். அவர் வரவில்லை. அன்று இரவே பொதிகை விரைவு வண்டியில் ஏறிவிட்டார்.

சென்னை கோடம்பாக்கத்திலுள்ள இராகவேந்திரா கல்யாண மண்டபத்தில், அவ்வாண்டு டிசம்பர் 26 முதல் 31 வரை நடிகர் ரஜினிகாந்த் தம் ரசிகர்களை மாவட்ட வாரியாகச் சந்தித்தார். வந்தவர்கள் அவர் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டனர். மே மாதத்திலும் இத்தகைய சந்திப்பு நடந்திருந்தது. இறுதி நாளான 31ஆம் தேதி, தாம் அரசியலுக்கு வருவது உறுதி என்று அவர் அறிவித்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. அதே காலையில் நாம் மறையுரையில், திரைப்படச் சிலைகளுக்கு ஆராதனை செய்வோரைப்பற்றிக் கடுமையாகப் பேசிக்கொண்டிருந்தோம். கோயிலில் அமர்ந்திருந்த அந்தத் தாய் தலை கவிழ்ந்ததைக் கண்டும் நிறுத்தவில்லை.

ஆனால், தம் காலில் விழவேண்டாம், கடவுளையும் பெற்றோரையுமே அவ்வாறு வணங்கவேண்டும் என்று அந்த நடிகரே ரசிகர்களைக் கேட்டுக்கொண்டதைப் பின்னர் செய்தித்தாளில் படித்தோம். சற்றே வெட்கமாயிருந்தது.

மூவரசர் திருநாளையொட்டி வீடுகளை மந்திரிக்கச் சென்றபோது அந்த இல்லத்திற்கும் சென்றோம். திரு இருதய ஆண்டவர் படத்திற்குச் சற்றுக் கீழே, சட்டமிட்ட அந்தப் புகைப்படம். இளைஞர் கதவோரம் அஞ்சி நின்றார். அமரச் சொல்லிப் பயணத்தைப்பற்றிக் கேட்டோம்.

அவர் அதற்குமுன் மதுரையைத் தாண்டியதில்லையாம். விடியலில் எழும்பூரில் இறங்கி, மின்சார ரயிலில் கோடம்பாக்கம் போகும் வழியை நான்கு பேரிடம் விசாரித்தாராம். வரிசையில் நின்றபோது, "சோழபுரம்" என்றவுடன், "கும்பகோணத்துப் பக்கமா? கங்கைகொண்ட சோழபுரமா?" என்று கேட்டார்களாம். "இராசபாளையத்துச் சோழபுரம்" என்று விளக்கி விளக்கியே பத்துப் பேர் நண்பர்களாகிவிட்டார்களாம். அவர்களுள் ஒருவர் தம் உணவுப் பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தாராம்.

"மேடையில் எவ்வளவு நேரம் நின்றாய், தம்பி?"

"ஒரு நொடி இருக்கும், சாமி. படம் எடுத்தார்கள், இறங்கிவிட்டேன்."

"அந்த ஒரு நொடிக்காகவா மோதிரத்தை அடகு வைத்தாய்?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "அன்று முழுவதும் எல்லாரும் என் பெயரைக் கேட்டார்கள், சாமி. ஆலையில் எனக்கு எண்தான் பெயர். கோயிலில் நான் இன்னாருடைய மகன்."

நமக்குச் சுருக்கென்றது. அந்தப் பங்கிற்கு நாம் வந்து அப்போது நான்கு ஆண்டுகள். அவருக்கு எத்தனையோ முறை நற்கருணை வழங்கியிருக்கிறோம், பெயர் தெரியாது. கண்டிக்க அழைத்தபோதும் "அந்த அம்மாவின் மகன்" என்றே சொல்லி அனுப்பினோம். அன்றுதான் பெயரைக் கேட்டறிந்தோம்.

கூட்டத்தில் நின்று எட்டிப் பார்க்கும் ஆவல் நமக்கும் புதிதன்று. 1986 பிப்ரவரி 5ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்தபோது, சிறு குருமட மாணவராயிருந்த நாமும் இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்து அந்த அறியா நகரை அடைந்தோம். கடைக்கோடியில் நின்ற நமக்குத் தெரிந்தது வெண்மையான ஒரு புள்ளி மட்டுமே. ஆயினும் பல நாட்கள் அதைச் சொல்லி மகிழ்ந்தோம். அன்று நம்மை எவரும் கண்டிக்கவில்லை.

எரிக்கோவில் சக்கேயு செய்ததும் அதுதானே! அவரும் கூட்டத்தில் ஒருவர், குள்ளமானவர், காட்டு அத்தி மரத்தில் ஏறினார். மரத்தடிக்கு வந்த ஆண்டவர் "ஏன் ஏறினாய்?" என்று கடிந்துகொள்ளவில்லை. அண்ணாந்து பார்த்துப் பெயர் சொல்லி அழைத்தார். அவர் வீட்டில் தங்கினார். பார்க்க வந்தவரே பார்க்கப்பட்டார். மனமாற்றம் அதன்பிறகே வந்தது. நாமோ முதலில் மரத்தை வெட்டப் பார்க்கிறோம்.

2020 டிசம்பர் 29ஆம் நாள், உடல்நிலை காரணமாகக் கட்சி தொடங்கப்போவதில்லை என்று அந்த நடிகர் அறிவித்தார். அப்போது நாம் வேறு பங்கில் இருந்தோம். அன்று மாலை அந்த இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். பெயர் சொல்லி நலம் விசாரித்தோம். "வருத்தமாகத்தான் இருக்கிறது, சாமி. ஆனால் வரிசையில் கிடைத்த நண்பர்கள் இன்னும் பேசுகிறார்கள்" என்றார்.

பெற்றோரே, உங்கள் அச்சம் வீணானதன்று. 2025 செப்டம்பர் 27ஆம் நாள் கரூரில், நடிகராயிருந்து அரசியல் தலைவரானவரின் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 உயிர்கள் மாண்டன. குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். ஆகவே எங்கே, யாருடன், எப்போது திரும்புவாய் என்று கேட்டறியுங்கள். கைக்குழந்தைகளை அத்தகைய கூட்டத்திற்கு எடுத்துச் செல்லவேண்டாம். கடன் வாங்கிப் போவதைத் தடுங்கள். ஆனால் தடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். எதைத் தேடி மகன் அவ்வளவு தொலைவு போகிறான் என்று ஒருமுறை அவனருகில் அமர்ந்து கேளுங்கள்.

பங்குத்தந்தையர்க்கும் இது பொருந்தும். முதலில் நமக்கே பொருந்தும். ஐயாயிரம் பேருக்கு உணவளித்தபோது ஆண்டவர் அவர்களைச் சிறு சிறு குழுக்களாக அமரச் செய்தார். கூட்டமாய் நின்றவர்கள் பந்தியில் அமர்ந்தார்கள். அருகிருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள்.

இம்மாதம் ஒரு சிறு முயற்சி செய்வோம். ஞாயிறு திருப்பலி முடிந்தபின், பெயர் தெரியாத ஓர் இளைஞரிடம் சென்று அவர் பெயரைக் கேட்போம். அடுத்த ஞாயிறு அந்தப் பெயர் சொல்லி அழைப்போம். நல்லாயன் தம் ஆடுகளை அழைப்பதும் அவ்வாறே.